வெளிக் கிளாக் எதற்கு, யாருக்கு? வேர்ட் கிளாக், 10 மெகாஹெர்ட்ஸ், ருபிடியம், ஃபில்டர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஒரு கணினி, ஒரு டாக் (டிஜிட்டல் டேட்டாவை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி), நடுவில் யூஎஸ்பி கேபிள். உங்கள் அமைப்பு இவ்வளவுதான் என்றால் வெளிக் கிளாக் (டிஜிட்டல் ஆடியோ கருவிகளுக்கு வெளியிலிருந்து நேரத் துடிப்பு தரும் தனிப் பெட்டி) வாங்கும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். அசிங்க்ரனஸ் யூஎஸ்பி முறையில் வேகத்தைத் தீர்மானிப்பது டாக்தான். தனக்கு எவ்வளவு டேட்டா வேண்டும் என்று கணினியிடம் அதுவே சொல்லிக்கொண்டிருக்கும். டாக் சிப்புக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் கிரிஸ்டலை (டாக்கின் சொந்தக் கிளாக்), ஒரு மீட்டர் கேபிளையும் இரண்டு கனெக்டர்களையும் ஒரு பிஎல்எல்லையும் (வரும் துடிப்பைப் பின்தொடரும்படி உள் ஆசிலேட்டரைத் திருத்தும் சுற்று) தாண்டி வரும் சிக்னல் மிஞ்சுவது அரிது.

வெளிக் கிளாக்கின் அசல் வேலை பல கருவிகளை ஒன்றாக ஓட்டுவது. தனித்தனி கிளாக்கில் ஓடும் இரண்டு கருவிகளுக்கிடையே 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வித்தியாசம் இருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலியின் அளவீடுகள்) வினாடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் விலகும். இரண்டையும் டிஜிட்டலாக இணைத்திருந்தால், சுமார் வினாடிக்கொரு 'டிக்' சத்தமாக அது காதில் விழும். தனித்தனியாக ரெக்கார்ட் செய்தால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவினாடி விலகியிருக்கும். வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் இது கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். இந்தச் சிக்கல் உள்ளவர்களுக்கு வெளிக் கிளாக் அவசியம். மற்றவர்கள் வாங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

துல்லியம் வேறு, ஜிட்டர் வேறு

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது நீண்டகாலத் துல்லியம்: இத்தனை பிபிஎம், இத்தனை பிபிபி (நூறு கோடியில் இத்தனை பங்கு) என்று. காதைப் பொறுத்தவரை இதற்குப் பெரிய மதிப்பில்லை. கிளாக் 100 பிபிஎம் தப்பாக ஓடினாலும் சுருதி 0.17 சென்ட்தான் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மாறும். எந்தக் காதும் அதைக் கண்டுபிடிக்காது. ஸ்டூடியோ ஒத்திசைவுக்கான ஏஇஎஸ்11 தரநிலையில் கறாரான முதல் தரமே ±1 பிபிஎம்தான் கேட்கிறது. சுமாரான ஓசிஎக்ஸ்ஓ (சூட்டை நிலையாக வைத்த குவார்ட்ஸ் ஆசிலேட்டர்) கூட அதை எளிதாகத் தாண்டும்.

ஒலியைக் கெடுப்பது குறுகிய கால நடுக்கம், அதாவது ஜிட்டர். 20 கிலோஹெர்ட்ஸ் முழு அளவு சிக்னலில் 100 பிகோ வினாடி ஜிட்டர் இருந்தால் இரைச்சல் −98 டெசிபலில் வந்து நிற்கும். 16 பிட்டின் எல்லையும் அதுவே. ஜிட்டர் 1 பிகோ வினாடியானால் −138 டெசிபல். ஆகவே ஸ்பெக் ஷீட்டில் முதலில் தேட வேண்டியது ஃபேஸ் நாய்ஸ் (இந்த நடுக்கத்தை அலைவரிசை வாரியாகக் காட்டும் அளவு) அட்டவணை. 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு 1 ஹெர்ட்ஸ் விலகலில் −110, 10 ஹெர்ட்ஸில் −140 டெசிபல் அளவுக்கு இருந்தால் நல்ல சரக்கு. அந்த அட்டவணையே இல்லாத கிளாக்கை வாங்க வேண்டாம்.

வேர்ட் கிளாக்கா, 10 மெகாஹெர்ட்ஸா?

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வேர்ட் கிளாக் சாம்பிள் ரேட்டிலேயே வரும் சதுர அலை. வேகத்தோடு சேர்த்து, ஒவ்வொரு சாம்பிளும் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதையும் சொல்லும். 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை மட்டும்தான் சொல்லும். இரண்டு கருவிகள் ஒரே 10 மெகாஹெர்ட்ஸுக்கு லாக் ஆகியிருந்தாலும் அவற்றின் சாம்பிள் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஸ்டூடியோவில் வேர்ட் கிளாக் இல்லாமல் ஆகாது. 10 மெகாஹெர்ட்ஸ் அந்த வேர்ட் கிளாக் ஜெனரேட்டருக்கு மேலே வைக்கும் ஒரு கூடுதல் படி, அவ்வளவே.

'10 மெகாஹெர்ட்ஸ் அதிக வேகம், அதனால் அதிகச் சுத்தம்' என்ற வாதமும் நிற்காது. ஆடியோவுக்கு வேண்டியவை 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ். 10லிருந்து 24.576ஐ எட்ட 625ஆல் வகுத்து 1536ஆல் பெருக்க வேண்டும். பிஎல்எல் ஒப்பிட்டுப் பார்ப்பது 16 கிலோஹெர்ட்ஸில். 22.5792க்கு 3125ஆல் வகுத்து 7056ஆல் பெருக்க வேண்டும். ஒப்பீடு வெறும் 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. லூப் பேண்ட்வித்தை (பிஎல்எல் வெளிக் கிளாக்கைப் பின்தொடரும் எல்லை) அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வைத்தாக வேண்டும். அதாவது சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே ஃபேஸ் நாய்ஸைத் தீர்மானிப்பது கிளாக்கைப் பெறும் கருவிக்குள் இருக்கும் ஆசிலேட்டர்தான். வெளியே எவ்வளவு உயர்ந்த கிளாக்கை வைத்தாலும் இதில் மாற்றமில்லை. ஃபிராக்ஷனல் (பின்ன எண்ணால் பெருக்கும்) பிஎல்எல் சிப்கள் இந்தத் தடையைத் தாண்டும். பதிலுக்குத் தேவையற்ற பக்க அலைகளைக் கொண்டுவரும். போதாததற்கு, அலைவரிசை உயரும்போது ஃபேஸ் நாய்ஸும் 7 முதல் 8 டெசிபல் கூடுகிறது.

ருபிடியமா, ஓசிஎக்ஸ்ஓவா?

ஆடியோவுக்கு ஓசிஎக்ஸ்ஓ. இதில் தயக்கமே வேண்டாம். ருபிடியம் கிளாக் என்பது அணுவின் 6.834 கிகாஹெர்ட்ஸ் அதிர்வைப் பார்த்து ஒரு குவார்ட்ஸ் ஆசிலேட்டரைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. வெளியே வருவது அந்தக் குவார்ட்ஸின் சிக்னல்தான். தொலைத்தொடர்பு நிலையங்களிலிருந்து கழித்துவிட்ட பழைய யூனிட்களில் அந்தக் குவார்ட்ஸ் சாதாரண ரகம். நல்ல ஓசிஎக்ஸ்ஓவை விட 20, 30 டெசிபல் பின்தங்குவது சகஜம். எஃப்இ-5680ஏ போன்றவற்றில் 10 மெகாஹெர்ட்ஸை டிடிஎஸ் (எண் கணக்கில் அலையை உருவாக்கும்) முறையில் உருவாக்குவதால் பக்க அலைகளும் சேரும். எல்பிஆர்ஓ-101 அந்த வகையில் மேல். இரண்டிலும் விளக்குக்கு ஆயுள் உண்டு, சூடும் அதிகம். ஜிபிஎஸ் வழி திருத்தப்படும் கிளாக்குக்கும் இதே கதை: நெடுங்காலத் துல்லியம் அபாரம், ஒலிக்குத் தேவைப்படும் குறுகிய காலத் தூய்மை உள்ளே இருக்கும் ஓசிஎக்ஸ்ஓவின் தரத்தைப் பொறுத்தது.

ஃபில்டர்கள்: எது எதைச் சரிசெய்யும்?

பேண்ட்பாஸ் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட அலைவரிசைப் பட்டையை மட்டும் விடுவது) போட்டால் ஜிட்டர் குறையும் என்று நம்புகிறவர்கள் அதிகம். மினி சர்க்யூட்ஸின் பிபிபி-10.7 சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உள்ளே விடும். காதைப் பாதிக்கும் ஃபேஸ் நாய்ஸோ 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து சில ஹெர்ட்ஸ் முதல் சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. அது அப்படியே கடந்து போகும். தொலைவில் இருக்கும் ஆர்எஃப் குப்பையையும் ஹார்மோனிக்குகளையும் மட்டுமே இந்த ஃபில்டர் தடுக்கும்.

தீமையும் உண்டு. சதுர அலையை லோபாஸ் ஃபில்டரில் (உயர் அலைவரிசைகளை வெட்டுவது) விட்டால் சைன் அலையாகிவிடும். பூஜ்ஜியத்தைக் கடக்கும் வேகம் குறையும். உச்சிக்கு உச்சி 1 வோல்ட் உள்ள 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை அந்த இடத்தில் மைக்ரோ வினாடிக்கு 31 வோல்ட் வேகத்தில் ஏறும். கிளாக்கைப் பெறும் கருவியின் உள்ளீட்டில் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்தாலே 3 பிகோ வினாடி ஜிட்டர் வந்துவிடும். ஆகவே சதுர அலை தரும் நல்ல கிளாக்குக்கு லோபாஸ் வேண்டாம். இந்த 50 ஓம் ஃபில்டர்களை 75 ஓம் வேர்ட் கிளாக் லைனில் போடவே கூடாது.

உருப்படியாகப் பயன் தருவது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். கிளாக் கேபிளின் ஷீல்டு வழியே கணினியின் இரைச்சலும் கிரவுண்டு லூப்பும் டாக்குக்குள் நுழைவதை அது அறுக்கும். எஃப்டிபி-1-1 போன்றவை 0.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும். 10 மெகாஹெர்ட்ஸுக்குச் சரி, 48 கிலோஹெர்ட்ஸ் வேர்ட் கிளாக்குக்கு ஆகாது. நடுக்கம்பியில் மட்டும் கெபாசிட்டர் வைத்த டிசி பிளாக் கிரவுண்டு லூப்பை அறுக்காது, ஷீல்டு தொடர்ந்து இணைந்தே இருக்கும்.

வயரிங்கில் கெட்டுப்போவது

50 ஓம் அவுட்புட்டை 75 ஓம் இன்புட்டில் செருகினால் வோல்டேஜில் 20 சதவீதம் திரும்பி எதிரொலிக்கும். மூடெக் ரெஃப்10 இரண்டு வகை அவுட்புட்டும் தருகிறது. அப்படியில்லாத கிளாக்கை வாங்குமுன் இரு பக்க மேனுவலையும் பார்த்துவிடுங்கள். வேர்ட் கிளாக்கை டி கனெக்டர்கள் வழியே தொடராகக் கொடுத்தால், டி நேரடியாகக் கருவியின் சாக்கெட்டில் இருக்க வேண்டும். 75 ஓம் டெர்மினேஷன் (எதிரொலி வராமல் லைனை முடித்துவைக்கும் ரெசிஸ்டர்) கடைசிக் கருவியில் மட்டும். இரண்டு கருவிகளில் டெர்மினேஷன் ஆன் ஆகியிருந்தால், 5 வோல்ட் கிளாக் 2.5க்குப் பதில் 1.67 வோல்ட்டாக இறங்கி, லாக் விட்டுவிட்டுப் போகும். எங்குமே இல்லையென்றால் எதிரொலியில் ஒரே விளிம்பு இரண்டாகத் தெரியும். மூன்று கருவிகளுக்கு மேல் போனால் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்துத் தனித்தனிக் கேபிள் கொடுப்பதே நல்லது.

மாற்றம் உண்டா என்று அளக்க, சாம்பிள் ரேட்டில் நான்கில் ஒரு பங்கு அலைவரிசையில் (48க்கு 12 கிலோஹெர்ட்ஸ்) ஒரு டோனை டாக்கில் ஓடவிட்டு, வேறொரு ஏடிசியில் (ஒலி சிக்னலை டிஜிட்டலாக மாற்றும் கருவி) ரெக்கார்ட் செய்து எஃப்எஃப்டி (அலைவரிசை வாரியான வரைபடம்) பாருங்கள். உள் கிளாக்கில் ஒருமுறை, வெளிக் கிளாக்கில் ஒருமுறை. டோனின் அடிவாரம் அகலமாகிறதா, இருபுறமும் புதுக் கோடுகள் முளைக்கின்றனவா என்று கவனியுங்கள். ஏடிசி தன் சொந்தக் கிளாக்கில் ஓட வேண்டும் என்பது முக்கியம். இரண்டுக்கும் ஒரே கிளாக்கைக் கொடுத்தால் மெதுவான ஜிட்டர் இரு பக்கமும் ஒன்றாகவே ஆடி, அளவீட்டில் காணாமல் போய்விடும்.