மாவுத் துகளா, கஞ்சியா, பொடியா?

மோனோஓலீன் என்ற கொழுப்பையும் நீரையும் 60-க்கு 40 என்ற எடையில் கலந்தால், அறை வெப்பத்தில் கண்ணாடிபோல் தெளிந்த, விரலால் அழுத்தினாலும் எளிதில் நசுங்காத கனசதுர நீர்மப் படிகம் (கொழுப்பு அடுக்கும் நுண்ணிய நீர்க்கால்வாய்களும் ஒழுங்காகப் பின்னிய அமைப்பு) கிடைக்கும். இதில் ஸ்டார்ச்சைச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு: பச்சைத் துகள், வேகவைத்த கஞ்சி, மாற்றியமைத்த ஸ்டார்ச்சில் பொதிந்த பொடி. கெட்டியான ஜெல் வேண்டுமென்றால் பச்சைத் துகளே மேல்.

படிகத்தின் நீர்க்கால்வாய் ஏறத்தாழ 5 நானோமீட்டர். அரிசி ஸ்டார்ச் துகளோ 3 முதல் 8 மைக்ரோமீட்டர். உள்ளே நுழைய வழியில்லை. கான்கிரீட்டில் ஜல்லி மாதிரி இடையில் உட்கார்ந்து கெட்டித்தன்மையைக் கூட்டும். படிகம் உருவானபின் துகளைச் சேர்த்தால் கட்டிதட்டும். 45 டிகிரியில் உருகிய 60 கிராம் மோனோஓலீனில் 20 கிராம் துகளைக் கலந்து, அதே சூட்டில் நீரை விட்டு, இறுக மூடி இரண்டு மூன்று நாள் வையுங்கள். 55 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் துகள் உப்பும் அபாயம் தொடங்குகிறது.

கோளாறு பெரும்பாலும் நீரில்தான். துகள் நாலைந்து கிராம் நீரைக் குடித்துவிடும். எனவே 40-க்குப் பதில் 45 கிராம் விடுங்கள். மிஞ்சினாலும் கேடில்லை, இந்தப் படிகத்தின் வைர வகைக் கனசதுரம் (வைரம் போன்ற பின்னல் கொண்டது) உபரி நீரோடு சேர்ந்தே நிலைக்கும். குறுக்காக வைத்த இரு தளவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிகட்டிகள்) நடுவே, நுண்ணோக்கியில் பாருங்கள்: பின்னணி இருண்டு, ஒவ்வொரு துகளும் கருஞ்சிலுவையோடு மின்னினால் சரி. பின்னணியும் மின்னினால் நீர் போதாமல், கொழுப்பு தட்டையான அடுக்குகளாக அமையும் அடுக்கு நிலை வந்திருக்கிறது. சிலுவை காணாமற்போயிருந்தால் துகள் வெந்துவிட்டது.

கஞ்சியில் எல்லோரும் அஞ்சுவது ஸ்டார்ச்சின் நேர்ச்சங்கிலிப் பகுதியான அமைலோஸ் தன் சுருளுக்குள் கொழுப்பை இழுத்துக்கொள்ளும் என்று. கணக்குப் போட்டால் அந்த அச்சம் மிகை. 4 கிராம் மக்காச்சோள ஸ்டார்ச்சில் அமைலோஸ் 1 கிராம். அது பிடிப்பது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவே. 60 கிராம் மோனோஓலீனில் அது தூசு. கொழுப்பு 2 சதவீதமே உள்ள நீர்த்த கலவையில்தான் உறைக்கும். நிஜத் தொல்லை வேறு: கால்வாய்க்குள் நுழைய முடியாத நீண்ட சங்கிலிகள் வெளியே நின்று படிகத்தின் நீரை உறிஞ்சுகின்றன. நாளடைவில் கஞ்சி இறுகி நீர் கசியும். அமைலோஸ் அற்ற மெழுகு மக்காச்சோளத்தில் இந்த இறுகல் குறைவு.

பொடி வழிக்குப் பயன் வேறு. ஆக்டெனைல் சக்சினேட் ஸ்டார்ச்சோடு (கொழுப்போடு ஒட்டும்படி மாற்றியமைத்த ஸ்டார்ச்) தெளிப்பு உலர்த்தலில் உலர்த்திய கொழுப்பை நீரில் போட்டால் கனசதுர நுண்துகள்களாகச் சிதறும். கெட்டியான ஜெல் ஆகாது; ஆனால் உலர்ந்த பொடியாகச் சேமித்து, தேவைப்படும்போது கரைத்துக்கொள்ள இதுவே கைகொடுக்கும்.