நான்கு ஆண்டுகளாக ஒரு பைசல்பைட் கிட்: பன்றி வைரசின் டிஎன்ஏவில் மெத்திலேற்றம் தேடிய அனுபவம்

நான் பயன்படுத்தும் பைசல்பைட் கிட்டின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று வேறோர் ஆய்வகத்திலிருக்கும் தோழி கேட்டார். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரசின் டிஎன்ஏவில் நான்கு ஆண்டுகளாக இதனுடன்தான் உழைத்து வருகிறேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏறுவதே மெத்திலேற்றம். பைசல்பைட் என்ற வேதிப்பொருள் மெத்தில் ஏறாத சைட்டோசினை வேறோர் எழுத்தாக மாற்றும்; மெத்தில் ஏறியது மாறாமல் நிற்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். உயர் பாதுகாப்பு ஆய்வகத்திலிருந்து எங்களுக்கு வந்து சேரும் வைரஸ் டிஎன்ஏ மிகச் சொற்பம். பைசல்பைட்டோ டிஎன்ஏவைத் துண்டு துண்டாகச் சிதைக்கும். அப்படியிருந்தும் இந்தக் கிட்டின் வடிகட்டிக் குழாய்கள் மிஞ்சியதைப் பத்திரமாக மீட்டுத் தந்திருக்கின்றன. வைரசின் பி646எல் என்ற மரபணுவின் துண்டுகள், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் எழும்பாமல் போனது அரிது.

ஆனால் பெட்டியில், மாற்றம் முழுமையாக நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மெத்தில் ஏறாத கட்டுப்பாட்டு டிஎன்ஏ இல்லை. நான்கு ஆண்டுகளில் பிரித்த எந்தப் பெட்டியிலும் இல்லை. 99 விழுக்காட்டுக்கு மேல் மாற்றம் நிகழும் என்று கையேடு சொல்கிறது. அதை எங்கள் மேசையில் எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. மனித டிஎன்ஏவில், உண்மையான மெத்திலேற்றம் ஏராளமாக இருப்பதால், ஒரு விழுக்காட்டுப் பிழை பெரிதாகத் தெரியாது. இந்த வைரசின் கதை வேறு. அது பெரும்பாலும் செல்லின் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே, பெருகுகிறது. ஓம்புயிரியின், அதாவது வைரஸ் தொற்றிய விலங்கின், மெத்திலேற்ற நொதிகளோ உட்கருவில் இருக்கின்றன. வெரோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குரங்குச் செல்கள்) வளர்த்த வைரசின் டிஎன்ஏ மெத்திலேற்றம் பெறாமலே இருப்பதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் சைட்டோபிளாசம் என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது; தவளை வைரஸ் 3 தன் சொந்த நொதியைக் கொண்டு தன் சைட்டோசின்களில் 20 விழுக்காட்டுக்கு மேல் மெத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஆகவே தேடித்தான் ஆக வேண்டும். ஏறத்தாழ 1,80,000 எழுத்து இணைகள் கொண்ட மரபணுத்தொகுதியில் ஓர் இழைக்குச் சுமார் 35,000 சைட்டோசின்கள். அவற்றில் ஒரு விழுக்காடு மாறாமல் நின்றாலே 350 பொய்க் குறிகள்.

சென்ற மழைக்காலத்தில் எங்களுக்கு நேர்ந்தது இதுதான். சில குளோன்களில் (ஒற்றை டிஎன்ஏ மூலக்கூறின் நகல்களில்) சைட்டோசின்கள் வரிசையாக மாறாமல் நின்றன. மூன்று மாதம் அதன் பின்னால் சென்றோம். பிறகுதான், வழக்கமாக மெத்தில் ஏறும் சிபிஜி இடங்களோடு (சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள்) மற்ற இடங்களிலும் அதே மூலக்கூறுகளில் சைட்டோசின் எஞ்சியிருப்பதைக் கவனித்தோம். அது மெத்திலேற்றம் அல்ல, முழுமையடையாத மாற்றம். பைசல்பைட் ஒற்றை இழையில் மட்டுமே வேலை செய்யும். பிரித்த இழைகள் இடையில் மீண்டும் இணைந்துகொண்டிருக்கின்றன. டிஎன்ஏ அளவைக் குறைத்து, இழைபிரிக்கும் நேரத்தைக் கூட்டி, மெத்தில் ஏறாத லாம்டா ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) டிஎன்ஏவைக் கட்டுப்பாடாகத் தனியே வாங்கிச் சேர்த்ததும் அந்தக் குறிகள் மறைந்தன. மூன்று மாதமும், திரும்பக் கிடைக்காத இரண்டு மாதிரிகளும் போனது போனதுதான். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் பிழையில் பாதி எங்களுடையது. கட்டுப்பாட்டை முதல் நாளே நாங்களே சேர்த்திருக்க வேண்டும். உழைப்பிலும் விலையிலும் இந்தக் கிட்டைக் குறை சொல்ல இடமில்லை. இருந்தாலும், ‘இல்லை’ என்பதே விடையாக அமையக்கூடிய ஒரு வைரசுக்கு இதை வாங்க வேண்டாம் என்றே தோழிக்கு எழுதினேன். எங்கள் ஆய்வகத்துக்கு அடுத்து வரவிருப்பது பைசல்பைட்டுக்குப் பதிலாக நொதிகளைக் கொண்டு மாற்றும், டிஎன்ஏவை இந்த அளவுக்குச் சிதைக்காத நொதிமுறைக் கிட். அதன் பெட்டிக்குள்ளேயே லாம்டா டிஎன்ஏ வருகிறது.