எட்டு அறை வீடும் புது ஐயாயிரம் ரூபா நோட்டும்: ஓய்வூதியக்காரர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வீடு என்று யாராவது உங்களுக்கு ஒன்றைக் காட்டினால், இதை வாசித்துவிட்டு அட்வான்ஸைப் பற்றிக் கதையுங்கள். நான் 45 லட்சம் கொடுத்துவிட்டு இப்போது வழக்குத் தவணைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்த 45 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பாதி என் பணிக்கொடை. மீதி, வடமராட்சியில் எனக்குச் சீதனமாக வந்த தோட்டக்காணியை விற்ற காசு. அதை விற்கும்போது, தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டப்படி, மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று, உறுதி எழுதும் நொத்தாரிசு என் கணவரையும் கூட்டிவரச் சொன்னார். அடையாள அட்டை, கலியாணப் பதிவு எல்லாம் கேட்டார். விற்கும்போது அவ்வளவு கவனம். வாங்கும்போது அதில் காற்பங்கு கூட என்னிடம் இருக்கவில்லை.

2022 கடைசியில் அந்தக் காசை நிலையான வைப்பில் போட்டிருந்தோம். அப்போது வட்டி 20 வீதத்துக்கு மேல் போன காலம். வரி பிடித்தது போகவும் மாதம் எழுபதாயிரத்துக்குக் குறையாமல் வந்தது. அந்தக் காசில் மருந்தும் கோயில் செலவும் பேரப்பிள்ளைக்கு ஒரு சங்கிலியும் பார்த்துப் பழகிவிட்டோம். 2024 இல் புதுப்பிக்கப் போனால் 8 வீதம் என்றார்கள். அதாவது மாதம் முப்பதாயிரம். மூத்த பிரசைகளுக்கென்று இருந்த 15 வீதத் திட்டமும் 2022 இலேயே நின்றுபோயிருந்தது. என்னைப் போலவே வங்கி வாசலில் முகம் வாடி நின்ற எத்தனையோ பேரைக் கண்டேன். அந்த முகங்களைத்தான் இந்த ஆட்கள் தேடித் திரிகிறார்கள்.

வந்தவர் முன்பின் தெரியாதவர் இல்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு மாமா முறை. "ரீச்சர், வங்கியை நம்பி இருந்தியள் எண்டால் பசிதான். வீடு எண்டால் ஓடாது, வாடகையும் நிக்காது" என்றார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டைக் காட்டினார். மேலே நாலு, கீழே நாலு, எட்டு அறை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சோடி செருப்பு. பின்வளவுக் கொடியில் எட்டுத் துவாய். ஒரு அறையில் மட்டும் ஒரு பெடியன் காதில் வயரை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். "மிச்சப் பேர் லீவிலை ஊருக்குப் போட்டாங்கள்." அறைக்கு ஒன்பதாயிரம், எட்டு அறைக்கு எழுபத்திரண்டாயிரம். என் மனதில் வங்கிக் கணக்கு தானாகவே பக்கத்தில் வந்து நின்றது.

விலை ஒரு கோடியே 35 லட்சம். 45 லட்சம் அட்வான்ஸ், மீதியை மகனும் நானும் ஒன்றரை வருடத்தில் கட்டுவது. அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்தே வாடகை முழுவதும் எனக்கு. இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். இன்னும் 90 லட்சம் தரவேண்டிய ஒருத்திக்கு எந்த மனிசன் முழு வாடகையையும் தூக்கிக் கொடுப்பான்? என் கணவர் அன்றிரவே இதைக் கேட்டார். நான்தான், "நல்ல மனிசர் எண்டும் இருக்கினம்தானே" என்று வாயடைத்தேன்.

காணி, கனடாவில் இருக்கும் அண்ணர் முறையான ஒருவரின் பேரில், அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் தன்னிடம் இருக்கிறது என்று, வீட்டைக் காட்டியவர் ஒரு பிரதி காட்டினார். ஒப்பந்தத்தை ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் எழுதினோம். முத்திரை குத்தி, சிவப்பு மையில் ஒப்பமிட்டு, பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

ஐந்து மாதம் முதலாம் திகதி தவறாமல் கடித உறையில் காசு வந்தது. பதினான்கு ஐயாயிரம் ரூபா நோட்டு, இரண்டு ஆயிரம் ரூபா நோட்டு. எல்லாம் வங்கியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரிப் புதுசு. வாடகைக்கு இருக்கும் பெடியள் எட்டுப் பேர் தரும் காசு அப்படியா இருக்கும்? கசங்கின நூறும் ஐந்நூறும் கலந்தல்லவா வரவேண்டும்! நான் எண்ணிப் பார்த்து உள்ளே வைத்ததோடு சரி. ஐந்து மாதமும் சேர்த்து வந்தது 3 லட்சத்து 60 ஆயிரம். அது 45 லட்சத்துக்கு வங்கி ஒரு வருடத்தில் தந்திருக்கக்கூடிய வட்டி. என்னுடைய காசிலிருந்தே எனக்கு எடுத்துத் தந்திருக்கிறார்.

ஆறாவது மாதம் காசு வரவில்லை. சோதினை நேரம் என்றார், பிறகு கம்பஸ் பூட்டு என்றார். ஒருநாள் சொல்லாமல் ஓட்டோ பிடித்துப் போனேன். கொடியில் அதே எட்டுத் துவாய். நீலத் துவாய் முதல் நாள் பார்த்த அதே இடத்தில். தொட்டுப் பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் கிடந்து மட்டை மாதிரி விறைத்திருந்தது. கிளிப்பின் துரு துணியில் வட்டமாகப் பிடித்திருந்தது. மீற்றர் பெட்டியில் செருகியிருந்த மின்சாரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அந்த மாதம் 23 யூனிற். எட்டுப் பெடியள் ஒரு கிழமை ஃபான் போட்டாலே அதைத் தாண்டும்.

கீழ் அறையொன்றில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, அதையும் வேறொருவர் வந்து வாங்குகிறாராம். "அன்ரி, இஞ்சை ஒருத்தரும் நிக்கமாட்டினம். தண்ணி மணக்குது" என்றான் ஒருவன். கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் என் காலால் பதினொரு அடி வைப்பு. எங்கள் ஊர் நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக இருப்பது. குழியில் போவது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. எட்டு அறைக்கு ஒரே குழி. பிறகு விசாரித்ததில், பிரதேச சபையில் அனுமதி எடுத்தது மூன்று அறை வீட்டுக்குத்தானாம்.

இதெல்லாம் நடந்த பிறகுதான் நல்லதொரு நொத்தாரிசிடம் போனேன். ஒப்பந்தத்தைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரீச்சர், இது காசு வாங்கினதுக்குச் சாட்சி. காணிக்கு உடன்படிக்கை இல்லை." அசையாச் சொத்து விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. 1840 இலிருந்து இருக்கிற சட்டமாம். சமாதான நீதவானின் முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்யாது.

அவரே காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணி யார் பேரில் என்ற பதிவேடு, தேடிப் பார்த்தார். அது பிரிபடாத காணி. தாயின் பேரிலிருந்து மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. கனடா அண்ணருக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும். மற்ற இரண்டு பங்கும் பிரான்சிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளுக்கு. அவர்கள் யாருக்கும் எந்தத் தத்துவமும் கொடுக்கவில்லை. அந்த ஒரு பங்கையாவது முறைப்படி வாங்கியிருந்தாலும் தப்பியிருக்க மாட்டேன். தேசவழமையில் பங்காளிக்குத்தான் முதலில் வாங்கும் உரிமை. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் வெளி ஆளுக்கு விற்றால், வழக்குப் போட்டு அந்தப் பங்கைத் தாங்களே எடுக்கலாம். பிரான்சில் இருக்கும் சகோதரியோடு கதைத்தேன். அவருக்கு வீட்டில் மாடி கட்டியதே தெரியாது. அந்த மனுசி அழுதது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அற்றோணியைப் பற்றி இன்னொன்று. கொடுத்தவர் இறந்துபோனால் அதோடு தத்துவமும் முடிந்தது. ஆகவே பிரதியைப் பார்த்து நம்பாமல், கொடுத்தவரோடு வீடியோவில் நேரே கதையுங்கள். அதில் எந்தக் காணி, எவ்வளவு பங்கு, விற்கும் அதிகாரம் இருக்கிறதா என்று வரிக்கு வரி வாசியுங்கள். உங்கள் நொத்தாரிசை நீங்களே தேடிப் பிடியுங்கள், விற்பவர் கூட்டிவருபவர் வேண்டாம். வாடகை உண்மையா என்று பார்க்க ஒரு வருட மின்சாரப் பட்டியல் போதும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போகாதீர்கள், வேலைநாளில் காலை ஆறரைக்குப் போய்க் கிணற்றடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

சட்டத்தரணியின் கடிதம் போன பிறகு நாலு லட்சம் திரும்பி வந்தது. மீதிக்கு வழக்கு நடக்கிறது. என் வயதுக்கு அது முடியுமோ தெரியாது. மகன் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை, அதுதான் கூடச் சுடுகிறது.

போன செவ்வாய் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் போன் எடுத்தார். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். எட்டு அறை, கம்பஸுக்குக் கிட்ட, அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து வாடகை என்றார். ரோக்கனாக, அதாவது முதல் முன்பணமாக, இரண்டு லட்சம் கொடுத்துவிட்டாராம். அடுத்த நாள் காலையில் அவரோடு காணிப் பதிவகத்துக்கு நானும் போனேன்.