இலிஷா, பாங்காஸா, கெண்டையா, மோலாவா? வங்கதேசத்தின் மீன் கொழுப்பு எங்கிருந்து வருகிறது

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் உணவுக் கணக்கு போடுகிறது. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிராம் கொழுப்பு என்று ஓர் எண் கிடைக்கும். அந்த அட்டவணையில் நன்னீர் மீனுக்குத் தனி வரிசை உண்டு. கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன்களும் அதே வரிசையில்தான் வருகின்றன. அதனால் நார்வேயின் பண்ணை சால்மனும் அங்கே நன்னீர் மீனோடு சேர்த்தி!

வங்கதேசத்தில் இந்த வரிசைக்குள் குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு வகை மீன்கள் அடங்கிக் கிடக்கின்றன. 2022 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 67.8 கிராம் மீன் சாப்பிடுகிறார். முள், செதில், குடல் எல்லாம் போக 50 கிராம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்க ரோகுக் கெண்டை என்றால் கொழுப்பு ஒன்றரை கிராம் தேறும். முழுக்க பாங்காஸ் என்ற கெளுத்தி வகை மீன் என்றால் ஏழெட்டு கிராம். மீனின் எடை மாறவே இல்லை, கொழுப்பு மட்டும் ஐந்து மடங்கு. எது வந்தாலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருக்கும் 13 கிராமை எட்டாது. ஆகவே மீன் கொழுப்பின் அளவைவிட அதன் தரத்தைப் பார்ப்பதே நியாயம்.

முதலில் இலிஷ். நம் ஊரில் உல்லம் என்பார்கள். மேட்டூர் அணை வருவதற்கு முன் காவிரியிலும் ஏறி வந்த மீன்தான். கடலில் கொழுத்து, முட்டையிட பத்மா, மேக்னா ஆறுகளுக்குள் நுழையும்போது 100 கிராம் சதையில் 18 கிராம் வரை கொழுப்பு இருக்கும். கடல் மிதவை உயிரிகளைத் தின்று வளர்வதால் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு தாராளம். வறுக்கும்போது கசியும் எண்ணெயைச் சூடான சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது அங்கே ஒரு சடங்கு மாதிரி. குறை என்று சொன்னால் விலைதான். பெரிய மீன் கிலோ ஆயிரம் டாக்காவுக்கு (அந்நாட்டுப் பணம்) கீழே கிடைப்பது அரிது. அக்டோபர் வாக்கில் 22 நாள் பிடிக்கவும் தடை. நாட்டின் மீன் உற்பத்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு இலிஷ் என்றாலும், ஏழை வீட்டுக்கு அது வருவது விசேஷ நாளில்தான்.

அதற்கு நேர் எதிர் பாங்காஸ். 1990 வாக்கில் தாய்லாந்திலிருந்து வந்த இனம், மைமன்சிங் மாவட்டக் குளங்களில் பெருகி இன்று கிலோ 200 டாக்கா பக்கம் விற்கிறது. உள்ளூர் ஆற்றுப் பாங்காஸ் வேறு, அது விலை கூடுதல். வயிற்றுப் பகுதியோடு துண்டு போட்டால் இதிலும் கொழுப்பு இலிஷுக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆனால் குளத்துப் பாங்காஸ் தின்பது தவிடும் புண்ணாக்கும் ஆலைத் தீவனமும். தின்றதுதான் உடம்பில் ஒட்டும். அதன் கொழுப்பில் பெரும்பகுதி பாமாயிலில் இருக்கும் அதே வகை அமிலங்கள், ஒமேகா-3 கொஞ்சம்தான். வியட்நாமில் இதே மீனின் வயிற்றுக் கொழுப்பைச் சீவி எடுத்துவிட்டு வெள்ளைத் துண்டுகளாக ஏற்றுமதி செய்கிறார்கள், அந்தத் துண்டில் கொழுப்பு சொற்பம். மீனின் பேரைக் கேட்டே சத்து சொல்லிவிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கெண்டைகளை வேகமாகக் கடந்துவிடலாம். ரோகு, கட்லா, மிர்கால் எல்லாமே கொழுப்பு குறைந்தவை, புரதத்துக்கு நல்லவை. குளத்து மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் வெள்ளிக் கெண்டை மட்டும் ஒமேகா-3 விஷயத்தில் கொஞ்சம் மேல். மலிவும்கூட. முள் அதிகம் என்று முகம் சுளிக்கிறார்கள்.

மோலாவிடம்தான் நான் நின்று பேச விரும்புகிறேன். விரல் நீளம்கூட இல்லாத மீன், கொழுப்பு நான்கைந்து சதவீதம். அட்டவணையில் பாங்காஸ் பக்கத்தில் வைத்தால் தோற்றுப் போகும். ஆனால் தலை, கண், குடலோடு முழுசாகச் சாப்பிடுவதால் 100 கிராமில் 2,500 மைக்ரோகிராம் அளவுக்கு வைட்டமின் ஏ கிடைக்கிறது. ஒரு சின்னக் குழந்தையின் ஒரு நாள் தேவை 300, 400 மைக்ரோகிராம்தான். வைட்டமின் ஏ உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், அதுவும் அந்த மீனிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட மீனைக் களை என்று சொல்லி, கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன் ரோட்டினோன் மருந்து போட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். சத்துணவு ஆய்வாளர் சகுந்தலா தில்ஸ்டெட்டும் கூட்டாளிகளும் சத்தை அளந்து காட்டிய பிறகுதான் கெண்டையும் மோலாவும் ஒரே குளத்தில் வளரத் தொடங்கின. 2021-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

1991-லிருந்து 2010 வரையிலான கணக்கை ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, மீன் சாப்பிடுவது சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது, மீனிலிருந்து கிடைத்த இரும்பும் கால்சியமும் குறைந்திருந்தன. ஆறு, வயல், பள்ளங்களில் பிடித்த சிறு மீன்களின் இடத்தைக் குளத்துப் பெருமீன்கள் பிடித்துக்கொண்டதன் விளைவு. கொழுப்பு வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

அதற்காகப் பாங்காஸை ஏளனம் செய்வது எனக்குச் சம்மதமில்லை. குளம் வைத்திருக்கும் கிராமத்து வீட்டுக்குக் கெண்டை-மோலா கூட்டுதான் சரி. மோலா குளத்திலேயே குஞ்சு பொரித்துப் பெருகும், தேவைப்படும்போது கொஞ்சம் வலைவீசிக் குழம்புக்கு எடுக்கலாம், கெண்டையை வளர்த்து விற்கலாம். தலைநகர் டாக்காவில் வாடகை அறையில் சமைக்கும் ஆடை ஆலைத் தொழிலாளியின் கதை வேறு. மோலா மென்மையான மீன், தூரம் போவதற்குள் நைந்துவிடும். அவர் கைக்கு எட்டுவது பாங்காஸ்தான், வாங்கட்டும். வறுக்காமல் குழம்பாக வைத்தால் மீனின் கொழுப்பே போதும், கடுகெண்ணெயைப் பாதியாகக் குறைக்கலாம். மிச்சமாகும் காசில் கொஞ்சம் சிறு மீன் கருவாடு வாங்கிச் சேர்த்தால் கால்சியத்துக்கும் வழி பிறக்கும்.