மூன்று கார் பார்த்து ஒன்று வாங்கினேன்: பழைய சுபாரு அவுட்பக், இரண்டு வின்ரருக்குப் பிறகு

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் பரி நகரில் வீடு, பக்கத்து ஒரிலியாவில் நர்ஸ் வேலை. காலை 7 மணிக்கு இரவு ஷிப்ற் நர்ஸ் பிள்ளையை நான் மாற்றிவிட வேண்டும். இடையில் இருப்பது 11ஆம் நெடுஞ்சாலையின் ஒரு துண்டுதான். ஆனால் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கமிருந்து ஸ்னோக் காற்று எழும்பினால் ஐந்தே நிமிடத்தில் முன்னால் போகிற வாகனத்தின் லைற் கூடத் தெரியாமல் போகும். 2023 பெப்ரவரியில் என் சின்னக் கார் அங்கேதான் வழுக்கி, வீதியோரப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றது. காயம் ஒன்றும் இல்லை. இழுவை வண்டி வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் குளிரில் இருந்தேன். அடுத்த கார் நாலு சில்லும் இழுக்கிற காராக இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

மாமியின் சக்கர நாற்காலியும் ஏற வேண்டும், உயரமான ஜீப் வகையில் மாமி ஏறவும் மாட்டார். அதனால் பின்பக்கம் நீண்ட ஸ்ரேசன் வாகன் வகைதான் சரி. கடைசியில் அவுட்பக்கில் வந்து நின்றேன். நிலத்திலிருந்து 22 சென்ரிமீற்றர் உயரம், ஆனால் இருக்கை மட்டம் காரைப் போல. புதிதாக வாங்கக் கையில் காசில்லை.

ஆகவே இது அந்தக் காரைப் பற்றியும், வாங்க முன் 160 டொலர் கொடுத்துச் செய்வித்த சோதனையைப் பற்றியும் எழுதுவது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் சோதனை என்றுதான் சொல்வேன்.

முதலில் ஆண்டு விசயம். அவுட்பக் எல்லாம் ஒரே கார் இல்லை. 2012 வரை வந்த 2.5 லீற்றர் எஞ்சின் பழைய வகை, வால்வும் பிஸ்ரனும் ஒத்து ஓட வைக்கிற ரைமிங் பெல்ற் உள்ளது. அந்த பெல்ற்றை 168,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி எஞ்சின் போய்விடும். 2013இல் இருந்து புது எஞ்சின், பெல்ற்றுக்குப் பதிலாகச் செயின். ஆனால் அந்தப் புது எஞ்சினின் முதல் ஆண்டுகளில் ஒயில் குடிக்கிற பிரச்சினை இருந்தது; அமெரிக்காவில் அது வழக்காகி, 2013 அவுட்பக்கும் அதற்குள் அடங்கியது. 2015இல் உடம்பும் மாறியது. நான் 2016, 2017 என்று குறி வைத்தாலும் விலையைப் பார்த்து முதலில் பழையதுகளுக்குப் பின்னால்தான் போனேன்.

முதலாவது 2011 கார், 196,000 கிலோமீற்றர், 7,900 டொலர். ரைமிங் பெல்ற் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேட்டேன். மாற்றியாச்சு, பில்தான் இல்லை என்றார்கள். சுபாரு எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்பதில்லை, இரண்டு பக்கமும் படுத்திருக்கும். அதனால் எஞ்சினின் இரண்டு பாகங்களுக்கு இடையில் கசிவைத் தடுக்கிற தகடான ஹெட் காஸ்கெற் கசிந்தால் மேலே பொனற்றைத் திறந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. ஒயிலோ, எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்றோ கீழ் விளிம்பால்தான் இறங்கும். ஒரு கார்ட்போர்ட் மட்டையை விரித்து, ரோச் லைற்றோடு கீழே படுத்துப் பார்த்தேன். ஒரு பக்க விளிம்பு முழுக்க ஈரம், அதில் மண் ஒட்டிக் கறுத்துப் போய் இருந்தது. கூலன்றின் இனிப்பு மணமும் வந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது காரைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

ஸ்காபரோவில் ஒரு சின்ன டீலர், பெயர் எழுதவில்லை. 2013 கார், 151,000 கிலோமீற்றர், வீதியில் ஓடலாம் என்கிற சேஃப்ரிச் சான்றிதழோடு 12,900 டொலர். படத்தில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். விட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார் என்றதும் 500 டொலர் முற்பணம் கட்டினேன். அது என் பிழை. ஒன்ராறியோவில் டீலரிடம் கார் வாங்கினால் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கத் தவணை ஒன்றும் கிடையாது, கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். நல்ல காலம், 'என் மெக்கானிக் பார்த்துச் சரி சொன்னால் மட்டும்' என்று ரசீதில் எழுதுவித்திருந்தேன்.

காலை 10 மணிக்கு வரச் சொன்னார்கள், சரியாகப் போனேன். பொனற்றில் கை வைத்தால் சுட்டது. குளிர்ந்த எஞ்சின் எப்படி எழும்புகிறது, முதல் அரை நிமிடம் என்ன சத்தம் போடுகிறது, டிரைவுக்குப் போட்டதும் உடனே பிடிக்கிறதா, ஒரு நொடி யோசித்துப் பிடிக்கிறதா, இதெல்லாம் சூடாக்கி வைத்த காரில் தெரியாது. ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டேன். கழுவக் கொண்டுபோனோம் என்றார்கள்.

ஓட்டும்போது நேர்ப் பாதையில் குறை ஒன்றும் தெரியவில்லை. பிறகு காய்ந்த ஒரு வெறும் பார்க்கிங்கில் ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, மெதுவாக வட்டமடித்தேன். யாரோ பிறேக்கைக் காலால் அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி கார் இழுத்து இழுத்துக் குலுங்கியது. மற்றப் பக்கம் திருப்பினாலும் அப்படித்தான். முன் சில்லும் பின் சில்லும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் வருகிற குலுக்கம் அது.

அங்கிருந்து நேரே எனக்குத் தெரிந்த அண்ணையின் கராஜுக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் மினிபஸ் திருத்திய கை, இங்கே வந்தும் இருபது வருசமாக அதே வேலை. அவர் முதலில் காரைத் தூக்கவில்லை. ரயர் பட்டனின், அதாவது நிலத்தில் பிடிக்கிற வெட்டுகளின், ஆழம் அளக்கிற சின்னக் கருவியை எடுத்து நாலு ரயரையும் அளந்தார். முன்னால் இரண்டும் புத்தம் புதுசு, 8 மில்லிமீற்றர். பின்னால் இரண்டும் 4. சுபாருவில் நாலு ரயரின் சுற்றளவும் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். பட்டனில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். இது நாலு மில்லிமீற்றர். முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கு போடுகிற கிளச் இத்தனை நாள் ஓயாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. விற்க வேண்டுமே என்று இரண்டு புது ரயர் போட்டவர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் செய்தார்களா, எனக்குத் தெரியாது.

அப்புறம் ஹொயிஸ்ற்றில் ஏற்றினார். கீழே எல்லாம் கன்னங்கரேல் என்று மினுங்கியது, புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு. நான் அதைப் பார்த்து, பரவாயில்லை, கறள் இல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அண்ணை ஒன்றும் பேசவில்லை. ஸ்குறூட்றைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் டங், டங் என்று இரும்புச் சத்தம். பின் சில்லுக்குக் கிட்ட, சில்லைப் பிடித்திருக்கிற கை, கீழே உள்ள இரும்புச் சட்டமான சப்ஃபிறேமில் பூட்டுகிற இடத்தில், சத்தம் பொத்தென்று மாறியது. ஸ்குறூட்றைவரைத் திருப்பி நுனியை வைத்து லேசாக அழுத்தினார். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. நுனி உள்ளே போய்விட்டது. வெளியே இழுக்க, கறுப்புத் தோல் உரிந்து, உள்ளே இருந்து மாநிறத் துகள் பப்படம் நொறுங்கின மாதிரி அவர் சட்டைக் கையில் கொட்டியது.

"தங்கச்சி, இங்கை வந்து பாருங்கோ," என்றார். "இதுக்குள்ளைதான் பின் சில்லு நிக்குது."

கடைசியாகக் காரின் கணினியை வாசிக்கிற ஓபிடி கருவியைச் செருகினார். எஞ்சின் விளக்கு எரியவில்லை, பிழைக் கோட் ஒன்றும் இல்லை. ஆனால் கார் தன்னைத்தானே சோதிக்கிற பட்டியலில் பாதிக்கு மேல் 'முடியவில்லை' என்று காட்டியது. ஒரு வாரம் சாதாரணமாக ஓடிய காரில் அவை முடிந்திருக்கும். யாரோ அண்மையில் பிழைக் கோட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

சேஃப்ரி கொடுத்திருக்கிறார்களே அண்ணை என்று கேட்டேன். "சேஃப்ரி எண்டது அண்டைக்கு ரோட்டிலை ஓடலாம் எண்டு சொல்லுற பேப்பர். எஞ்சின் எப்பிடி, கியர்பொக்ஸ் எப்பிடி எண்டு அது சொல்லாது. ஆனா இந்தக் கறளுக்கு எப்பிடிக் குடுத்தவை எண்டு எனக்கு விளங்கேல்லை," என்றார். இந்தக் காரில் என் பிள்ளைகள் பின் சீற்றில் இருந்திருப்பார்கள். அன்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் துகள் கொட்டியதுதான் கண்ணுக்குள் நின்றது. முற்பணத்தைத் தராமல் ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். டீலர்களைக் கண்காணிக்கிற ஓம்விக் அமைப்பில் முறையிடப் போகிறேன், ரசீதும் படமும் இருக்கிறது என்று எழுதிய பிறகு காசு வந்தது.

மூன்றாவதுதான் இப்போது வாசலில் நிற்கிற கார். 2017, 2.5 லீற்றர், 138,000 கிலோமீற்றர். ஒரிலியாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதியின் கார். வருவதற்கு முதல்நாளே, தயவு செய்து நான் வரும்வரை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பண்ணவில்லை. டிப்ஸ்ரிக்கில் ஒயில் சரியான மட்டத்தில், தேன் நிறத்தில் இருந்தது. எஞ்சின் எழும்பிய சத்தம் சீராக இருந்தது. வட்டமடித்தேன், தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. 80இல் போகும்போது மெல்ல இடம் வலம் அசைத்துப் பார்த்தேன். சில்லு பெயரிங் தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் சாயும்போது ஊளைச் சத்தம் கூடும், இதில் கூடவில்லை. கியர்பொக்ஸ் சிவிரி வகை, கியர் படிகள் இல்லாத ஓட்டோமற்றிக். 40, 50இல் மெல்ல மிதித்துக்கொண்டு போகும்போது நடுக்கம் இருக்கிறதா, நிற்பாட்டும்போது எஞ்சின் அணையப் பார்க்கிறதா என்றும் கவனித்தேன். இல்லை. முன் கண்ணாடியில் கீறல் உண்டா என்று வடிவாகப் பார்த்தேன். முன்னால் உள்ளதைக் கவனித்து எச்சரிக்கிற ஐசைற் கமராக்கள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், கண்ணாடி மாற்றினால் கமராவையும் சரிக்கட்ட வேண்டும், செலவு அதிகம்.

இவ்வளவும் பார்த்தும் அண்ணையிடம் கொண்டுபோனேன், போனது நல்லதாய்ப் போயிற்று. சில்லைச் சுழற்றுகிற வலப்பக்க முன் அக்சிலின் உட்புற ரப்பர் உறை வெடித்திருந்தது. சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிற ரப்பர், வருசம் போனால் காய்ந்து வெடிக்கும். கிறீஸ் குழாயில் தெறித்துக் காய்ந்திருந்தது. பின் பிறேக் டிஸ்க்கும் முடிகிற நிலையில் இருந்தது. கீழே கறள் இருந்தது, மேலோட்டமாக. வருசா வருசம் ஒயில் ஸ்பிரே அடித்த பில்கள் கோப்பில் இருந்தன. தட்டிய இடமெல்லாம் இரும்புச் சத்தம். அவர் எழுதித் தந்த தாளைக் காட்டினேன். 17,600 கேட்டவர்கள் 16,800க்குச் சம்மதித்தார்கள். 160 டொலருக்கு 800 திரும்பி வந்தது.

தனியாரிடம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: பெயர் மாற்றும்போது சேர்விஸ் ஒன்ராறியோ என்ற அரச அலுவலகத்தில் 13 வீதம் வரி நீங்கள்தான் கட்ட வேண்டும், எனக்கு 2,184 டொலர். வாங்கிய விலையா, அந்தக் காருக்கு அவர்கள் வைத்திருக்கிற மொத்த வியாபார விலையா, எது கூடவோ அதற்கு வரி. விற்கிறவர் தர வேண்டிய 20 டொலர்த் தகவல் தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள். காரில் கடன் இருந்தால் அதில் தெரியும்.

சரி, கார் எப்படி? இரண்டு வின்ரர் முடிந்து இப்போது 171,000. ஒரு நாளும் வேலைக்குப் பிந்தவில்லை. ஸ்னோ வழிக்காத வீதியில், கணுக்கால் அளவு ஸ்னோவில், நின்ற இடத்தில் இருந்து பதறாமல் கிளம்பும். கோடையில் நூறு கிலோமீற்றருக்கு எட்டரை லீற்றர் பெற்றோல், வின்ரரில் பத்தரை. ஐந்து பேரும் சாமானும் ஏறி மேட்டில் போனால் இழுவை போதாது. முந்திப் போகப் பிரியப்படுகிறவர்களுக்கு இது சரிவராது. மாமியின் நாற்காலி மடிக்காமலே பின்னால் ஏறுகிறது.

நாலு சில்லும் இழுக்கிறது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், வேலையிடத்தில் புதிதாக வந்த பிள்ளைகளிடமும் சொல்கிறேன். நிற்பது ரயரின் வேலை. அதனால் முதல் வின்ரருக்கே நாலு ஸ்னோ ரயர் ஒரே தரத்தில் இரும்பு றிம்மோடு வாங்கினேன். போன மாசி மாதம் ஒரு ரயரில் ஆணி ஏறி, பக்கச் சுவர் கிழிந்தது. ஒன்றைப் புதிதாகப் போட்டால் மற்ற மூன்றோடு ஒத்துவராது. நானே அளவுக் கருவியை வாங்கி, மற்றவற்றின் ஆழத்துக்கு ஒத்த ஒரு பாவித்த ரயரை இரண்டு கடை ஏறித் தேடிப் போட்டேன், 70 டொலர்.

இப்போது என் தம்பியும் ஒரு அவுட்பக் தேடுகிறான், 2016 ஒன்று குவெல்ஃபில் பார்த்து வைத்திருக்கிறான். சனிக்கிழமை காலை 8 மணிக்குப் போகிறோம், காரைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மட்டையும் ரோச் லைற்றும் அளவுக் கருவியும் என் கார் டிக்கியில் இருக்கின்றன. அண்ணையிடம் பிற்பகல் 1 மணிக்கு ஹொயிஸ்ற் கேட்டு வைத்திருக்கிறேன்.