பாண்டியில் ரயில் பழம்பொருள் கடை: விளக்கு வாங்கலாம், பேட்ஜ் வேண்டாம்

காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது கடை, பெயர் வேண்டாம், ரயில் சாமான் சேர்ப்பவர்களுக்குப் புரியும்.

அட்டை டிக்கெட் அள்ளி வைத்திருக்கிறார்கள். எட்மண்ட்சன் வகை, கெட்டி அட்டை, தேதி பதித்த பள்ளம் விரலில் தட்டுப்படும், பழைய விழுப்புரம் - பாண்டி மீட்டர்கேஜ் காலத்து டிக்கெட்கூடத் தேடினால் கிடைக்கிறது. ரயில் கார்டு (guard) சிக்னல் காட்டும் கைவிளக்கு ஒன்று எடுத்தேன். மேலே திருகினால் உள்ளே சிவப்பும் பச்சையும் மாறுகிறது, கண்ணாடி விரிசல் இல்லை, திரி போடும் இடத்தில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. பாலிஷ் போடாமல் கொடுத்ததற்கே கும்பிடு போடலாம்.

பேட்ஜ் விஷயம்தான் கொடுமை. 'எஸ்.ஐ.ஆர். 1962' என்று பித்தளையில் ஒன்று, விலையோ யானை விலை. எஸ்.ஐ.ஆர். என்கிற தென்னிந்திய ரயில்வே 1951-லேயே தெற்கு ரயில்வேயில் சேர்ந்துவிட்டதே அண்ணா, 1962-ல் யார் அடித்தார்கள் என்றால், "அப்படியா சார், உங்களுக்காக ஐம்பது ரூபாய் குறைச்சுக்கறேன்" என்கிறார்!

அப்புறம் இந்தக் கடையின் வாட்ஸ்அப் ஏலம். கடைசி நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு புது எண் வந்து விலையை ஏற்றுகிறது, நாம் விலகினால் மறுவாரம் அதே பொருள் மறுபடியும் ஏலத்துக்கு வருகிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல? நேரில் போங்கள், கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள், பார்சல் என்றால் கண்ணாடிக்குத் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள், கேட்டால் செய்கிறார்கள்.