மூடிக்குள் ஒளிந்திருக்கும் வளையம்: நான்கு வகைச் சாப்பாட்டு டப்பாக்கள், ஓர் அலசல்

இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் போன ஆகஸ்ட் மாதம் முழுக்க மதியச் சாப்பாட்டைப் பாதியோடு திருப்பிக் கொண்டுவந்தாள். உப்பு கூடிவிட்டதோ, காரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நான் சமையலை மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே சொன்னாள்: “சாதம் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. டப்பாதான் நாறுகிறது.”

தினமும் சோப்புப் போட்டுத் துலக்கி, வெந்நீர் ஊற்றி அலசிய டப்பா அது. பளபளவென்று இருந்தது. சந்தேகத்தோடு மூடியின் உட்புறத்தில் இருந்த வாஷரை ஊக்கால் நெம்பி எடுத்தேன். அடியில் கறுப்பாகப் பூஞ்சை. அதோடு பல வாரத்துச் சாம்பாரும் எண்ணெயும் களிம்பாகப் படிந்திருந்தன. என் பிள்ளை இவ்வளவு நாள் இதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள் என்று நினைத்தபோது நெஞ்சு பதறியது.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த நான்கு வகை டப்பாக்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். தருமபுரியில் எங்கள் தெருவுக்குப் பள்ளி வேன் காலை 7.20-க்கு வரும். சாப்பாட்டை 6.50-க்குக் கட்டிவிடுவேன். பிள்ளைகள் சாப்பிடுவது 12.40-க்கு. வீடு திரும்புவது 5.15-க்கு. ஆக, டப்பாவுக்கு இரண்டு வேலைகள். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் சோறு கெடாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு நாலரை மணி நேரம் எச்சில் காய்ந்து ஒட்டிக் கிடந்தாலும் துலக்கினால் சுத்தமாக வேண்டும். கடையில் டப்பா வாங்கும்போது முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

முதலில் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அழுத்தி மூடும் மூடி, வாஷர் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. எந்த வாசனையும் இதற்குள் ஊறாது. முட்டை, வெங்காயம், பெருங்காயம், கருவாடு என்று எதை வைத்தாலும் ஒரு முறை துலக்கினால் போதும். என் மாமியார் பென்னாகரம் பக்கத்தில் வளர்ந்தவர். “இதில் அழுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை கண்ணு” என்பார். கிட்டத்தட்ட உண்மைதான். ஓர் இடம் மட்டும் இருக்கிறது: விளிம்பை மடித்துச் சுருட்டியிருக்கும் பகுதி. சுருள் முழுதாக மூடாமல் இருந்தால் அதற்குள் தண்ணீர் தங்கி, கவிழ்த்து வைத்த பிறகு பழுப்பாகக் கசியும். வாங்கும்போதே விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

எவர்சில்வரிலும் தரம் உண்டு. 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, துருவும் சற்று எளிதில் பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ரகம் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். இரண்டு ரகத்திலுமே காந்தம் பொதுவாக ஒட்டாது. அடியில் 304 என்று பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதே மேல். எந்த ரகமானாலும் வெள்ளிக்கிழமை ஊறுகாயோடு பையில் கிடந்த டப்பாவைத் திங்கட்கிழமை எடுத்தால், உப்பு அரித்து ஊசிமுனை அளவில் குழி விழுந்திருக்கலாம். பிளீச்சிங் பவுடரும் இதையேதான் செய்யும்.

இதன் ஒரே குறை ஒழுகல். ரசம் சாதம் வைத்தால் நோட்டுப் புத்தகம் நனைந்துதான் திரும்பும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கிளிப் டப்பா. உடல் எவர்சில்வர், மூடி பிளாஸ்டிக், நான்கு பக்கமும் கிளிப், நடுவில் சிலிக்கான் வாஷர். தலைகீழாகக் கவிழ்த்தாலும் சாம்பார் சொட்டாது. எனக்கு இந்த டப்பாவின் மீது கோபம் இல்லை. எங்கள் வீட்டில் நாறியது இதுதான் என்றாலும், தவறு அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று தெரியாத என்னுடையது. ஆனால் இதிலேயே இரண்டு விதம் உண்டு என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும். ஒன்றில் வாஷர் கையால் இழுத்தால் வரும். இன்னொன்றில் மூடியோடு ஒட்டியிருக்கும். இரண்டாவதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை, சிலிக்கானும் எண்ணெயையும் வாசனையையும் மெல்ல இழுத்து வைத்துக்கொள்ளும்.

கழற்றக்கூடிய வாஷரை நான் இப்போது தினமும் எடுத்துச் சோப்பு நீரில் தேய்க்கிறேன். பழைய பல் தூரிகை ஒன்றால் மூடியின் பள்ளத்தைச் சுற்றி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாஷரை மட்டும் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போடுகிறேன். சிலிக்கான் கொதிநீரைத் தாங்கும். முக்கியமானது இதற்குப் பிறகுதான்: இரவு முழுக்க மூடி தனி, வாஷர் தனி, டப்பா தனியாகக் கிடக்க வேண்டும். காலையில்தான் பொருத்த வேண்டும். துலக்கிய கையோடு பொருத்தி மூடி அலமாரியில் வைத்ததுதான் நான் பல மாதங்கள் செய்த பிழை. வாஷர் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். கறுப்பு ஊறிவிட்டால் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன், உணவுக்குப் பயன்படுத்தும் ரகம். கனம் இல்லை, பிள்ளைகளுக்குத் திறக்க எளிது. ஆனால் மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் எண்ணெயில் கரையும் பொருள். குழம்பின் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குள் இறங்கிவிடும், சோப்புக்கு அசையாது. கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழுந்து, ஒவ்வொரு கீறலும் அழுக்குக்கு வீடாகும். சுடச்சுடச் சோறு வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. கொய்யாத் துண்டு, வேர்க்கடலை, ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி மாம்பழம் இவற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

நான்காவது, சூடு காக்கும் இரட்டைச் சுவர் டப்பா. பலர் இதுதான் உயர்ந்தது என்று நினைக்கிறார்கள். நான் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சமைத்த உணவில் 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் ஸ்போர்கள், அதாவது விதை போல உறங்கிக் கிடக்கும் அதன் வடிவங்கள், வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றை இந்த டப்பாவில் அடைத்தால், அந்த வெதுவெதுப்பையே மதியம்வரை கட்டிக்காத்து, கிருமிக்கு வசதி செய்து கொடுத்தது போலாகும். முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை உடனே நிரப்பினால் மட்டுமே இது தன் வேலையைச் செய்யும். காலை ஏழு மணிப் பரபரப்பில் தினமும் அது நடக்காது. தயிர்சாதத்துக்கு இது ஆகவே ஆகாது. குறுகிய வாய்க்குள் கை நுழையாது என்பது தனிக் கஷ்டம். சூடான கேழ்வரகுக் கூழோ சாமைப் பொங்கலோ கொடுத்தனுப்பும் மார்கழி மாதத்துக்கு எடுக்கிறேன், அவ்வளவுதான்.

சாதாரண எவர்சில்வரில் முறை நேர்மாறு. சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி அடங்கவிட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் சொட்டிச் சோறு நசநசத்துப்போகும். புளிசாதம் நன்றாகத் தாங்கும். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாக விட்டு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்தால் மதியம் புளிக்காமல் சரியாக இருக்கும்.

இனி, எதால் துலக்குவது என்ற போட்டி. எங்கள் தெருவில் இரண்டு விதத் தண்ணீர் வருகிறது. 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஒன்று, ஆழ்துளைக் கிணற்று நீர் இன்னொன்று. துலக்குவதற்கு இரண்டாவதுதான். அந்தக் கடினநீரில் சோப்பு நுரைக்காது, காய்ந்ததும் எவர்சில்வரில் வெள்ளைத் திட்டு நிற்கும். சோப்பை எத்தனை முறை போட்டாலும் இது போகாது, ஏனென்றால் அது அழுக்கல்ல, சுண்ணாம்புப் படிவு. அதை அமிலம்தான் கரைக்கும். குழம்புக்குக் கரைத்துவிட்டு மீந்த புளிச் சக்கையால் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டால் மறைந்துவிடும். புளிக்குப் பேர்போன மாவட்டத்தில் இதற்கென்று ஒரு புட்டி வாங்க வேண்டியதில்லை.

நாற்றத்துக்குப் புளியைவிடச் சமையல் சோடா நல்லது. பிளாஸ்டிக் மூடியில் ஈரத்தோடு குழைத்துப் பூசி இரவு முழுக்க விட்டால் காலையில் பெருமளவு குறைந்திருக்கும். சோடாவையும் எலுமிச்சையையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் உண்டு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால் இரண்டின் பலனும் போய்விடும். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பும் வெந்நீரும்தான், அதற்கு மாற்றில்லை.

வெயில் எங்களுக்குக் கிடைத்த வரம். மஞ்சள் கறை படிந்த மூடியை மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் நிறம் வெளுத்துவிடும், ஏனென்றால் குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். ஓசூரில் இருக்கும் என் தங்கைக்கு இந்த வசதி பாதிதான். ஊர் உயரத்தில் இருப்பதால் டிசம்பரில் அவள் டப்பாக்கள் காலைவரை ஈரமாகவே இருக்கின்றன. அவளுக்கு நான் சொன்னது: வாஷர் இல்லாத டப்பாவுக்கு மாறிவிடு, இல்லையென்றால் இரண்டு டப்பா வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடு.

எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் நான்கு நாள் பழைய எவர்சில்வர். குழம்புசாதம் என்றால் மட்டும் கிளிப் டப்பா. மகளுக்கும் ஆறாம் வகுப்பில் இருக்கும் மகனுக்கும் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: சாப்பிட்டதும் பள்ளிக் குழாயில் டப்பாவை ஒரு முறை அலசி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடுவது. அரை நிமிட வேலை. மாலையில் எச்சில் காய்ந்து ஒட்டிய டப்பாவை ஊறவைக்கும் வேலை அதோடு நின்றுவிட்டது. மகள் இப்போது டப்பாவைக் காலியாகத்தான் கொண்டுவருகிறாள். டப்பா வைக்கும் துணிப்பையைச் சனிக்கிழமைதோறும் துவைக்கிறேன். அதன் அடித் தையலில் காய்ந்த ரசத்தின் வாடையைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.